மூக்கில் ஆக்சிஜன் குழாய், மேஜையில் கேஸ் கட்டு

2011-ல் அமெரிக்காவின் விச்சிடா நகர ஃபெடரல் கோர்ட்டுக்கு (மத்திய அரசின் நீதிமன்றம்) போயிருந்தால், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு விசாரணை நடத்தும் நீதிபதியைப் பார்த்திருக்கலாம். பெயர் வெஸ்லி பிரவுன். அந்த ஜூனில் அவருக்கு 104 வயது. இழுக்கும் வழக்கு என்றால் வக்கீல்களிடம் முதலிலேயே எச்சரித்துவிடுவார்: முடியும்வரை நான் உயிரோடு இருப்பேனோ என்னவோ!

இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபதிக்கே 62 வயதில் மாலை போட்டு அனுப்பிவிடுகிறோம். அங்கே மட்டும் எப்படி?

ஃபெடரல் நீதிபதியை ஜனாதிபதி நியமிக்கிறார், நாடாளுமன்ற மேலவையான செனட் ஒப்புக்கொள்கிறது. அதோடு அவர்கள் பிடி விட்டுப்போகிறது. நன்னடத்தை உள்ளவரை பதவி, சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்கிறது அரசியல் சாசனம். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டி, செனட் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் தண்டிக்க வேண்டும். இரண்டு நூற்றாண்டுக்கு மேலான வரலாற்றில் அப்படிப் பதவி பறிபோனவர்கள் 8 நீதிபதிகள்தான்.

சரி, யாருமே எழுந்திருக்காவிட்டால் புது ஆள் எப்படி வருவது? அதற்குத்தான் 'சீனியர்' நிலை. 65 வயதுக்கு மேல், வயதையும் பணிக்காலத்தையும் கூட்டினால் 80 வர வேண்டும். 70 ஆகிவிட்டால் 10 ஆண்டுப் பணி போதும். சீனியர் ஆனதும் அவர் இடம் காலியாகி, புதியவர் வருவார். பழையவரும் தொடரலாம். வழக்கமான வேலையில் கால்வாசி செய்தாலே போதும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அடியோடு ஓய்வு பெற்றாலும் கடைசியாக வாங்கிய சம்பளம் ஆயுள் முழுக்க வரும். அப்படியானால் சீனியர் நீதிபதி கிட்டத்தட்ட சும்மாவே உழைக்கிறார்!

உழைப்பு என்றதும் ஜூரி முன்னால் அனல் பறக்கும் வாதங்களை நினைக்க வேண்டாம். 2018-ல் ஃபெடரல் குற்ற வழக்குகளில் விசாரணைவரை போனவர்கள் சுமார் 2 சதவீதம். 90 சதவீதம் பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆக, நீதிபதியின் நாள் பெரும்பாலும் மனுக்களைப் படிப்பதிலும் உத்தரவு எழுதுவதிலும் போகிறது. அப்புறம், எதிரே நிற்பவருக்கு எத்தனை மாதம் சிறை என்று முடிவு செய்வது. அந்த வேலைக்கு உடம்பைவிடத் தெளிவான மூளைதான் வேண்டும்.

பிரவுன் 37 வயதில் கடற்படையில் சேர்ந்து இரண்டாம் உலகப்போரைப் பார்த்தவர். 1962-ல் ஜனாதிபதி கென்னடி அவரை நியமித்தார். 1979-ல் சீனியர் ஆனார். 2011 மார்ச்சில்தான் புதிய குற்ற வழக்குகள் வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார்.

அவர் காலி செய்த இடத்துக்கு 1980-ல் பேட்ரிக் கெல்லி வந்தார். கெல்லி 1996-ல் ஓய்வு பெற்று, 2007-ல் காலமாகிவிட்டார். பிரவுன் இறந்தது 2012 ஜனவரியில், நீதிபதியாகவே.