வேனின் பின் சீட்டை எது பிடித்துக்கொண்டிருக்கிறது?

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருமுனையில் ஒரு கேட்டரிங் அண்ணன் இருக்கிறார். ஊர் ஆம்பூர் பக்கம், தொழில் பிரியாணி. வண்டி ஒன்று, அதற்கு வேலை இரண்டு. சனிக்கிழமை இரவு வேனின் பின் சீட்டைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே சாய்த்துவிட்டு அண்டாக்களை ஏற்றுவார். ஞாயிறு சாயங்காலம் அதே சீட்டை மாட்டி, பிள்ளைகளோடு மாமியார் வீட்டுக்குக் கிளம்புவார். இரண்டு வருடமாக இதில் ஒரு வில்லங்கமும் வந்ததில்லை.

போன மாதம் ஓசூர் ரோட்டில் முன்னால் போன ஆட்டோ சட்டென்று நிற்க, அவரும் பிரேக்கை அழுத்தினார். பின் சீட்டின் பின்பக்கம் தரையைவிட்டு நாலு விரல் எழும்பி, மறுபடி தொப்பென்று உட்கார்ந்தது. அதில் இருந்தது அவருடைய சின்னப் பெண் மட்டும். அடி இல்லை, பயம்தான். "கிளிக்குனு சத்தம் கேட்டுச்சே தம்பி, மாட்டிக்கிச்சுன்னுதானே நெனச்சேன்" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சத்தம் கேட்டிருக்கும். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம்.

கழற்றி மாட்டும் சீட்டுகளில் பெரும்பாலானவை தரையில் பதித்த தடித்த இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. முன்பக்கம் வெறும் கொக்கி, கம்பிக்கு அடியில் நுழைந்துகொள்ளும். பின்பக்கம்தான் பூட்டு. அந்தப் பூட்டுக்குள் இரண்டு எஃகுத் துண்டுகள் உண்டு. ஒன்று வாய் திறந்த தாடை மாதிரி இருக்கும், மற்றொன்று நாக்கு. சீட்டை அழுத்தும்போது தரைக் கம்பி தாடைக்குள் போய் அதைச் சுழற்றுகிறது. தாடை கம்பியைச் சுற்றி மூடியதும், ஸ்பிரிங் தள்ளும் நாக்கு தாடையின் பின்னால் வெட்டியிருக்கும் பள்ளத்தில் விழுகிறது. அதன் பிறகு தாடை திரும்பிச் சுழல முடியாது.

இதைக் கண்ணால் பார்க்க சீட்டைக் கழற்ற வேண்டாம். கார் கதவின் ஓரத்தில் இருப்பதும் இதே பூட்டுதான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியால் அந்தத் தாடையைத் தள்ளிப் பாருங்கள். முதலில் ஒரு கிளிக், இன்னும் கொஞ்சம் தள்ளினால் இரண்டாவது கிளிக். முதலாவது அரைப்பூட்டு, இரண்டாவதுதான் முழுப்பூட்டு. (பார்த்து முடித்ததும் கைப்பிடியை இழுத்துத் தாடையைத் திறந்துவிடுங்கள். மறந்துபோய்க் கதவைச் சாத்தினால் மூடிய தாடை கம்பியில் மோதும், பூட்டு வளையும்.)

இந்த அமைப்பில் ஒரு நேர்த்தி இருக்கிறது. கம்பி தாடையை எவ்வளவு பலமாக இழுத்தாலும், அந்த விசை நாக்கின் வழியாக நேரே அதன் அச்சாணியில் போய் இறங்குகிறது. அச்சாணியைக் குறிபார்த்துத் தள்ளும் விசையால் நாக்கைச் சுழற்ற முடியாது. அதனால்தான் டன் கணக்கில் இழுத்தாலும் திறக்காத பூட்டு, லீவரை இரண்டு விரலால் தூக்கினால் திறக்கிறது. ஆனால் இதெல்லாம் நாக்கு பள்ளத்தின் அடிவரை இறங்கியிருந்தால் மட்டுமே. பள்ளத்தின் விளிம்பில் நுனி மட்டும் தொற்றிக்கொண்டு நின்றால், விசை அச்சாணியைவிட்டு விலகிப் போகிறது. ஒரு குலுக்கலில் வழுக்கிவிடும். நாக்கு விளிம்பில் மோதும்போதும் சத்தம் வரத்தான் செய்யும். அந்தச் சத்தத்துக்கும் முழுப்பூட்டின் சத்தத்துக்கும் காதுக்கு வித்தியாசம் தெரியாது.

சரி, பின்பக்கம் ஏன் மேலே எழும்பியது? முன்னால் அல்லவா பாய்ந்திருக்க வேண்டும்? சீட்டின் எடை மையம் தரையில் இல்லை, ஏறக்குறைய முழங்கால் உயரத்தில் இருக்கிறது. வண்டி நிற்க, சீட் முன்னே போகப் பார்க்கிறது; முன் கொக்கி கீழே பிடித்து நிறுத்துகிறது. உடனே சீட் அந்தக் கொக்கியைச் சுற்றிக் குப்புறக் கவிழப் பார்க்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர் பிரேக் அடித்ததும் கால் நின்ற இடத்தில் நிற்க, உடம்பு மட்டும் முன்னால் சரிவதைப் போலத்தான். ஆக, பிரேக் அடித்தாலோ முன்னால் மோதினாலோ பின் பூட்டுக்கு வருவது மேல்நோக்கிய இழுப்பு.

எவ்வளவு இழுப்பு என்று கணக்குப் போடலாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலோ மோதி, முகப்பு 60 சென்டிமீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நொடிப்பகுதியில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல சுமார் 16 மடங்கு விசையோடு முன்னே தள்ளும். 20 கிலோ சீட் 320 கிலோவாகிவிடும். எடை மையத்தின் உயரமும், முன் கொக்கிக்கும் பின் பூட்டுக்கும் உள்ள இடைவெளியும் ஏறக்குறைய சமமாக இருந்தால், பின் பூட்டுகள் மேல்நோக்கித் தாங்க வேண்டியதும் கிட்டத்தட்ட 300 கிலோ. இது காலி சீட்டுக்கு. அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்புத் தரங்களில் ஒன்றான எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 207 விதி, சீட்டின் பிடிமானம் சீட் எடையைப் போல 20 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

ஆள் உட்கார்ந்திருந்தால்? அது சீட் பெல்ட் எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெல்ட்டின் முனைகள் வண்டியின் தூணிலும் தரையிலும் இருந்தால் ஆளின் பாரத்தில் பெரும்பகுதி வண்டி உடம்புக்கே போய்விடும். பெல்ட் சீட்டிலேயே பொருத்தப்பட்டிருந்தால், 60 கிலோ ஆளின் பாரம் அதே கணக்கில் ஒரு டன்னை நெருங்கி, அந்தப் பூட்டுகள் தலையில் விழும். வேன் வைத்திருப்பவர்கள் ஒருமுறை பெல்ட்டை அடிவரை தடவிப் பார்ப்பது நல்லது.

பூட்டு இல்லாமல் போல்ட் போட்டு இறுக்கிய சீட்டுகளின் கதை வேறு. ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் காணாமல் போன சீட் போல்ட்டுக்கு மாற்று கேட்டேன். "எந்த போல்ட்டா இருந்தா என்ன சார், மரை சேர்ந்தா போதும்" என்று டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார்கள். போதாது. நல்ல போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று எண் பொறித்திருக்கும். 10.9 என்றால், சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 100 கிலோ இழுத்தால்தான் அறும், அதில் 90 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாது என்று பொருள். 10 மில்லி விட்டமுள்ள அப்படி ஒரு போல்ட் 4,800 கிலோ வரை அசராமல் தாங்கும். எண்ணே இல்லாத சாதாரண போல்ட் அதில் பாதியைக்கூடத் தாங்காது.

இறுக்குவதிலும் ஒரு சூட்சுமம். ஸ்பேனரில் நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கப் போகிறது. மிச்சமெல்லாம் மரையிலும் தலைக்கு அடியிலும் உராய்வில் கரைகிறது. அதனால் "நல்லா இறங்கட்டும்" என்று மரையில் எண்ணெய் விட்டால், அதே முறுக்குக்கு இழுவிசை எங்கேயோ ஏறி போல்ட் நீண்டுவிடலாம். வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள முறுக்கு அளவு, கையேடு சொல்லும் நிலையில் உள்ள மரைக்கானது. போல்ட்டை முதல் இரண்டு மூன்று சுற்று வெறும் விரலால் ஏற்றுங்கள். எல்லா போல்ட்டையும் தளர்வாக மாட்டிய பிறகே, முறுக்கை அளந்து இறுக்கும் ஸ்பேனரான டார்க் ரெஞ்சை எடுங்கள். ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டால் எதிர்மூலை ஓட்டை நேராகப் பொருந்தாது, அப்புறம் மரை கோணலாக ஏறும்.

கழற்றும்போது முதலில் சீட்டுக்கு அடியில் ஒயர் போகிறதா என்று பாருங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டதாக இருக்கும். அதைத் தொடாமல் மெக்கானிக்கிடம் விடுங்கள். தலைச்சாய்வை உருவிவிட்டு, முதுகுப்பகுதியை மடித்த பிறகு தூக்குங்கள். மடிக்காமல் தூக்கும்போது லீவரில் கை பட்டால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் முதுகுப்பகுதியை நேராக உங்கள் மோவாய்க்கு அனுப்பும்.

தூக்குவதற்கு இன்னொரு ஆள் வேண்டும். வேனுக்குள் குனிந்து, கையை நீட்டி 20 கிலோவை அரை மீட்டர் தள்ளிப் பிடித்தால், முதுகுத்தண்டை ஒட்டிய தசைக்கு நெம்புகோலின் குட்டைப் பக்கம், சுமார் 5 சென்டிமீட்டர்தான் கிடைக்கிறது. சீட்டுக்காக மட்டும் அது 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். சீட்டை முதலில் வாசல் வரை நகர்த்தி, வயிற்றோடு அணைத்துத் தூக்குங்கள்.

முன்னும் பின்னும் நகரும் சீட் என்றால் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் தனித்தனிப் பல்பூட்டு உண்டு. ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் பல்லின்மேல் நிற்பது சகஜம். உட்கார்ந்தபடி முன்னும் பின்னும் ஓர் ஆட்டு ஆட்டினால் அதுவும் விழுந்துவிடும். சீட் இல்லாத இடத்தில் சாமான் ஏற்றினால் கட்டிவைக்க மறக்காதீர்கள், 16 மடங்கு கணக்கு அண்டாவுக்கும் பொருந்தும். நிரந்தரமாக சீட்டைக் கூட்டுவதோ குறைப்பதோ வேறு விவகாரம், ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு.

மறுபடி மாட்டிய பிறகு நான் காதை நம்புவதில்லை. முதலில் லீவரைப் பார்ப்பேன். நாக்கு அடிவரை இறங்கியிருந்தால்தான் லீவர் தன் இடத்தில் படிந்து உட்காரும். துருத்திக்கொண்டு நின்றாலோ, சில வண்டிகளில் உள்ள சிவப்பு அடையாளம் தெரிந்தாலோ பூட்டு முடியவில்லை. அப்புறம் சீட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுப்பேன். மோதும்போது இழுப்பு வரும் திசை அதுதானே.

அண்ணனின் வண்டியில் லீவர் ஒரு விரல் கனம் துருத்திக்கொண்டுதான் இருந்தது. சீட்டைக் கழற்றிக் கவிழ்த்து, டார்ச் அடித்துப் பார்த்தோம். வலது பூட்டுக்குள், நாக்கு விழ வேண்டிய பள்ளத்தில், நெய்யும் தூசியும் சேர்ந்து கெட்டியாகியிருந்தது. கிரீஸ் அப்பினால் இன்னும் தூசி சேரும் என்பதால், பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தோம். கடைசியில் ஊசியால் நெம்பியதும் ஒரு துகள் தெறித்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீரகச் சம்பா" என்றார். "நம்ம அண்டாவுதுதான்."