கராஜுக்குத் தமிழ் என்ன? ஷெட்டு, பட்டறை, பணிமனை

‘கராஜ்’ என்ற சொல்லுக்கு ஆங்கில அகராதியைப் புரட்டினால் முதலில் இரண்டு பொருள் கிடைக்கும். வீட்டை ஒட்டிக் கார் நிறுத்தக் கட்டிய அறை ஒன்று. காரைப் பழுது பார்க்கும் இடம் இன்னொன்று. பிரிட்டனில் பெட்ரோல் போடும் இடத்துக்கும், கார் வாங்கப் போகும் கடைக்கும்கூட இதே பெயர்தான். நிறுத்த, பழுது பார்க்க, எண்ணெய் போட, விற்க என நான்கு வேலைக்கும் ஒரே சொல். தமிழில் இந்த நான்குக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது. புதிதாக ஒன்றைச் செய்து வைக்கவும் தேவையில்லை என்பது என் கட்சி. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது.

முதலில் சொல்லின் பிறப்பு. கராஜ் ஆங்கிலத்துக்கும் கடன் சொல்தான், பிரெஞ்சிலிருந்து போனது. பிரெஞ்சில் ‘கரே’ என்றொரு வினை உண்டு. ஆற்றில் வரும் படகை ஓரமாக ஒதுக்கி, மற்றப் படகுக்கு வழிவிட்டுப் பத்திரமாக நிறுத்துவது அதன் பழைய பொருள். ரயில் வந்தபோது, ஓரத் தண்டவாளத்தில் பெட்டிகளை ஒதுக்கி நிறுத்துவதற்கும் அதே சொல் போனது. பாரிஸில் உள்ள ‘கார் து நோர்’ ரயில் நிலையத்தின் பெயரில் வரும் ‘கார்’ இந்த வினையின் பிள்ளை. நாம் ஓட்டும் காருக்கும் அதற்கும் உறவு இல்லை. இன்னும் பின்னால் போனால் ஜெர்மானிய மொழிகளில் ‘கவனமாகப் பார், காத்துக்கொள்’ என்ற பொருளுள்ள வேரில் போய் முடிகிறது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘கார்டு’, ‘வார்டன்’ இரண்டும் இதற்குத் தூரத்துச் சொந்தம். ஆக, கராஜ் என்றால் அடிப்படையில் காப்பிடம்.

1902 வாக்கில் ஆங்கிலச் செய்தித்தாள்களில் இந்தச் சொல் தலைகாட்டுகிறது. அதற்கு முன் மோட்டார் வைத்திருந்தவர்கள் ‘மோட்டார் வீடு’, ‘மோட்டார் லாயம்’ என்றெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். குதிரை நின்ற இடத்தில் மோட்டார் நின்றதால் லாயம் என்று சொன்னதில் வியப்பில்லை. அமெரிக்கர் இரண்டாம் அசையை அழுத்தி ‘கராஷ்’ என்பார்கள். பிரிட்டனில் பலர் ‘கேரிஜ்’ என்பார்கள். தமிழில் கராஜ், காரேஜ், கேரேஜ், கராச் என்று நான்கு எழுத்துமுறை நடமாடுவதற்கு இந்த இழுபறியும் ஒரு காரணம்.

இதில் ‘கேரேஜ்’ என்ற வடிவம் ஒரு குழப்பத்தைக் கொண்டுவருகிறது. சென்னைப் புறநகர் ரயிலில் போகிறவர்களுக்குப் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் என்ற இரண்டு நிலையங்களையும் தெரியும். அந்தக் கேரேஜ், ரயில் பெட்டியைக் குறிக்கும் ‘கேரியேஜ்’. பெட்டிகளைப் பழுது பார்க்கும் இடம் என்பதால், கராஜ்தான் அப்படி ஆகிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். கேரியேஜின் k ஒலிக்கும் கராஜின் g ஒலிக்கும் தமிழில் ஒரே ‘க’ என்பதால் இரண்டும் எழுத்தில் ஒன்றாகவே நிற்கின்றன. குழப்பம் வேண்டாம் என்றால் மோட்டார் சங்கதிக்குக் ‘கராஜ்’ என்று எழுதுவது நல்லது. கிரந்த எழுத்தைத் தவிர்ப்பவர்கள் ‘கராசு’ என்று எழுதுவார்கள்.

எழுத்தில் எப்படி இருந்தாலும், தமிழ்நாட்டில் பேச்சில் கராஜ் அதிகம் புழங்கவில்லை. அந்த இடத்தை ‘ஷெட்டு’ பிடித்துக்கொண்டது. “வண்டி ஷெட்ல நிக்குது” என்றால் பழுது பார்க்க விட்டிருக்கிறார் என்று பொருள். “கார் ஷெட்டைத் திற” என்றால் வீட்டில் நிறுத்துமிடம். “பஸ்ஸு ஷெட்டுக்குப் போகுது” என்றால் பணிமனை. ஷெட் என்ற ஆங்கிலச் சொல், நிழலைக் குறிக்கும் ‘ஷேட்’ என்பதன் மாற்று வடிவம் என்பார்கள் சொற்பிறப்பு ஆராய்ந்தவர்கள். நிழலுக்குப் போட்ட கூரை. அதற்கு நம் சொல் கொட்டகை, கொட்டில். மாட்டுக்கொட்டகை, சினிமாக் கொட்டகை எல்லாம் அந்த வகைதான். நிறுத்துமிடம் என்ற பொருளில் கராஜுக்கு ‘வண்டிக்கொட்டகை’ என்பது கச்சிதமாகப் பொருந்தும். மாட்டு வண்டி நின்ற காலத்திலேயே இருந்த சொல், காருக்கும் இடம் கொடுக்கும்.

இலங்கையில் நிலைமை வேறு. அங்கே பழுது பார்க்கும் இடம் கராஜ்தான், பேச்சிலும் எழுத்திலும். ஷெட் அங்கே பெட்ரோலுக்குப் போய்விட்டது. நாம் பெட்ரோல் பங்க் என்பதை அவர்கள் ‘பெற்றோல் ஷெட்’ என்பார்கள், அரசு அறிவிப்பில் ‘எரிபொருள் நிரப்பு நிலையம்’ என்று வரும். யாழ்ப்பாணத்துக் கராஜ் என்றால் பழைய ஆஸ்டின் கேம்பிரிட்ஜும் மோரிஸ் மைனரும் கூடவே நினைவுக்கு வரும். 1990களின் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கிடைக்காதபோது, கார்புரேட்டரில் சில துளி பெட்ரோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயிலேயே அந்தக் கார்களை ஓடவைத்தார்கள். கராஜ் என்ற சொல்லுக்கு அந்த ஊர்க்காரர்கள் நெஞ்சில் இருக்கும் எடையை எந்த மொழிபெயர்ப்பும் தராது.

இனி பட்டறை. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த சொல்.

‘பட்டடை’ என்பது இதன் பழைய வடிவம். கொல்லன் காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் அடைகல் அது. திருக்குறளில் கூடா நட்பு அதிகாரத்தின் முதல் குறள், 821, இப்படிப் போகிறது: “சீரிடம் காணின் எறிதற்குப் பட்டடை நேரா நிரந்தவர் நட்பு.” உள்ளம் ஒட்டாமல் வெளியே ஒட்டி நிற்பவரின் நட்பு, தாங்குவதுபோல் இருந்து, வாய்ப்புக் கிடைத்ததும் வெட்டுவதற்கு உதவும் பட்டடையாகும் என்கிறார். அடைகல்லின் பெயர் மெல்ல அது இருக்கும் இடத்துக்கும் ஆகி, கொல்லுப் பட்டறை, தச்சுப் பட்டறை, நகைப் பட்டறை என்று விரிந்தது. மோட்டார் வந்தபோது லேத் பட்டறை, டிங்கர் பட்டறை, வெல்டிங் பட்டறை எல்லாம் தாமாகவே வந்தன. யாரும் குழு போட்டு முடிவு செய்யவில்லை. வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை காய்ச்சிப் போட்ட அதே கைகள் லாரியின் பட்டை ஸ்பிரிங்கை நிமிர்த்தின, சொல்லும் கூடவே வந்தது.

பட்டறைக்கு இன்னொரு பொருளும் உண்டு. தானியத்தையோ வெங்காயத்தையோ அடுக்கிச் சேமித்து வைக்கும் இடமும் பட்டறைதான். சின்ன வெங்காயம் விளையும் ஊர்களில் வெங்காயப் பட்டறை போடாத விவசாயி அபூர்வம். செய்யுமிடம், வைக்குமிடம் இரண்டையும் இந்த ஒரு தமிழ்ச் சொல் முன்பே தாங்கியிருக்கிறது. இன்றைக்குக் கவிதைப் பட்டறை, சிறுகதைப் பட்டறை என்று எழுதுகிறவர்களும் இதையே எடுத்துக்கொண்டார்கள்.

பழைய மோட்டார் பட்டறையை அருகில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது தனி உலகம். தரையில் வெட்டிய நீளமான பள்ளம். அதன்மேல் வண்டியை ஏற்றி நிறுத்திக் கீழே இறங்கி வேலை பார்ப்பார்கள். சுவரில் சிறிதிலிருந்து பெரிதாக மாட்டிய ஸ்பேனர்கள். அறுத்த மண்ணெண்ணெய் டின்னில் ஊறும் நட்டுகள். கை துடைக்கப் பனியன் வேஸ்ட். “பத்துப் பன்னெண்டு எடுடா” என்று பள்ளத்துக்குள்ளிருந்து குரல் வந்தால், ஒரு பக்கம் பத்து மில்லிமீட்டரும் மறுபக்கம் பன்னிரண்டும் உள்ள ஸ்பேனரை நீட்ட வேண்டும். பட்டறையின் தலைவர் மேஸ்திரி, மற்றவர்களுக்கு அவர் அண்ணன். டிக்கி, செல்ஃப், டிங்கரிங் என்று அங்கே புழங்கும் சொற்கள் பாதி ஆங்கிலம் போலத் தோன்றினாலும் ஆங்கிலேயர் கேட்டால் விழிப்பார்கள். ‘செல்ஃப்’ என்று நாம் சுருக்கியது செல்ஃப் ஸ்டார்ட்டரை. ‘டிக்கி’ பழைய கார்களின் பின்புறம் மடங்கித் திறக்கும் இருக்கையின் பெயர். இருக்கை போய்விட்டது, பெயர் சாமான் வைக்கும் இடத்துக்குத் தங்கிவிட்டது.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் பட்டறைக்கும் பழைய உறவு. கழித்துப் போட்ட பேரிங்கை வாங்கி வந்து பலகைக்கு அடியில் பொருத்தினால் பேரிங் வண்டி. உடைந்த பேரிங்கிலிருந்து உருளும் குண்டுகள் கோலிக்கு மாற்று. பழைய டியூப் உண்டிவிலுக்கு ரப்பராகும், காற்றடித்தால் கிணற்றில் நீச்சல் பழக மிதவையாகும். பள்ளி விட்டு வரும் வழியில் பட்டறை வாசலில் நிற்காத பையன் குறைவு.

அதே வாசல் வழியாக உள்ளே போய்ப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பாமல் போன பையன்களும் நிறைய. பட்டறை நினைவுகளை எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடக் கூடாது. மேஸ்திரியிடம் ‘தொழில் பழக’ விடுவது குடும்பங்களில் இயல்பாக இருந்தது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில், குழந்தைகளை அமர்த்தக் கூடாத தொழில்களின் பட்டியலில் பின்னர் மோட்டார் பட்டறைகளும் கராஜ்களும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. வேஸ்ட் ஆயிலும் ஆசிடும் வெல்டிங் பொறியும் பன்னிரண்டு வயதுக் கைக்கு உரியவை அல்ல என்று சட்டம் சொல்ல அவ்வளவு காலம் ஆனது.

‘பணிமனை’ வேறு வழியில் வந்த சொல். இது ஆக்கிய சொல், ஆனால் நிலைத்துவிட்டது. பொன்மலை ரயில்வே பணிமனை, அரசுப் பேருந்துப் பணிமனை என்று பெரிய நிறுவனங்களின் இடத்துக்கே பொருந்துகிறது. இதை மக்களிடம் சேர்த்தது பாடநூலைவிடப் பேருந்தின் பெயர்ப்பலகைதான் என்று நினைக்கிறேன். மாலையில் கூட்டத்தோடு காத்திருக்கும் மாணவர்கள் முன் காலியாக ஒரு பேருந்து வரும், நெற்றியில் ‘பணிமனை’ என்று இருக்கும், நிற்காமல் போகும். அந்த ஏமாற்றத்தில் கற்ற சொல் எப்படி மறக்கும்? தெருமுனையில் இருவர் வேலை பார்க்கும் இடத்துக்குப் பணிமனை என்று பலகை வைத்தால் மட்டும் கொஞ்சம் பெரிய சட்டை போட்டதுபோல் இருக்கிறது.

விற்பனைப் பக்கம் சொற்கள் எளிது. ‘டீலர்’ என்பதன் வேர் ஆங்கிலத்தில் ‘பங்கிட்டுக் கொடு’ என்ற பழைய வினை. சீட்டைப் பங்கிடுவதற்கும் அதே சொல். தமிழில் ‘முகவர்’ என்கிறோம். நிறுவனத்தின் முகமாக நிற்பவர் என்று அதற்குத் தனி அழகு. பழைய கார் வியாபாரத்தில் ஆள்வது ‘தரகர்’. ஷோரூமுக்குக் ‘காட்சியகம்’ போதும்.

இந்தத் தொழில் நம் ஊரில் வளர்ந்த விதத்தையும் பார்க்கலாம். சென்னையில் 1840-இல் தொடங்கிய சிம்சன் நிறுவனம் முதலில் குதிரைக் கோச்சுகள் கட்டியது. 1903-இல் அங்கேயே நீராவிக் கார் ஒன்றைச் செய்தார்கள். மதுரையில் 1911-இல் தொடங்கிய டி.வி.எஸ். பேருந்து ஓட்டியது, கார் விற்றது, பழுது பார்த்தது, டயருக்கு மறுபடி ரப்பர் ஒட்டியது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பங்கீடு வந்தபோது கரிவாயுக் கலன்களையும் செய்தது. பேருந்தின் பின்னால் உருளையைக் கட்டிக் கரி போட்டு, கிளீனர் விசிறியைச் சுற்றிச் சுற்றிக் கனல் ஏற்றிய ‘கரி பஸ்’ அதில் வந்ததுதான். கோவையில் ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தோடு தொடங்கியவர். வண்டி ஓட்டியவர்களே பட்டறையும் போட வேண்டியிருந்த காலம் அது.

கிராமங்களில் அந்நாளில் காருக்குப் ‘பிளஷர்’ என்று பெயர். ‘பிளஷர் கார்’ என்பதில் கார் உதிர்ந்து பிளஷர் நின்றது. ‘மகிழுந்து’ என்று சொல்லாக்கியவர்களின் காதில் இந்தப் பிளஷர் ஒலித்திருக்கும் என்றே தோன்றுகிறது. பிறகு அம்பாசடரும் பியட்டும் வந்தன, பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருந்தார்கள். அந்தக் காலத்து முகவரிடம் விற்க வண்டியைவிட வரிசை எண்தான் அதிகம் இருந்தது. கையில் இருக்கும் பழைய வண்டியை உயிரோடு வைத்திருக்கும் மேஸ்திரிக்கு அதனால் மதிப்புக் கூடியது.

எழுதும்போது எதைக் கையாள்வது? வீட்டில் நிறுத்துமிடம் என்றால் வண்டிக்கொட்டகை. பழுது பார்க்கும் இடம் மோட்டார் பட்டறை. நூற்றுக்கணக்கில் ஆட்கள் வேலை பார்க்கும் இடமோ பேருந்து தங்குமிடமோ ஆனால் பணிமனை. கதையிலும் உரையாடலிலும் ஷெட்டை ஷெட்டாகவே விடுங்கள், இலங்கைப் பாத்திரம் பேசினால் கராஜை மாற்றாதீர்கள். ‘ஊர்திப் பழுதுநீக்ககம்’ போன்ற ஆக்கங்களும் காணக்கிடைக்கின்றன. பட்டறை உயிரோடு இருக்கும்வரை அவற்றுக்கு வேலை இல்லை.