லீச்சிங்: கசிவு அல்ல, கரைந்திறங்கல்

வயலில் போட்ட பூச்சிமருந்து குடிநீர்க் கிணற்றை எட்டுமா என்ற பேச்சில் ‘லீச்சிங்’ என்ற சொல் தவறாமல் வரும். மண்ணுக்குள் இறங்கும் நீர் மருந்தையும் கரைத்துச் சுமந்துபோவதுதான் அது. தமிழில் இதைக் ‘கசிவு’ என்கிறார்கள், ‘ஊடுருவல்’ என்கிறார்கள். இரண்டுமே பாதிப் பொருளைத்தான் தருகின்றன. ஏரிக்கரையில் நீர் மெல்ல வெளிவருவது கசிவு. மழைநீர் மண்ணுக்குள் புகுவது ஊடுருவல். இரண்டிலும் நகர்வது நீர் மட்டுமே. நீர் எதையோ கரைத்துக்கொண்டு போகிறது என்ற செய்தி அவற்றில் இல்லை. ஆபத்து இருப்பதோ அந்தச் செய்தியில்.

பழைய ஆங்கிலத்தில் ‘லெச்சன்’ என்றால் நனைத்தல், நீர் விடுதல். பிற்காலத்தில் மரச்சாம்பலைத் துளையுள்ள தொட்டியில் கொட்டி, மேலே நீரூற்றி, அடியில் சொட்டும் கார நீரைப் பிடிக்கும் வேலைக்கு ‘லீச்’ என்ற பெயர் வந்தது. (அட்டையைக் குறிக்கும் ‘லீச்’ வேறு சொல், ஒலிதான் ஒன்று.) நம் வீட்டுக் காபி பில்டரில் நடப்பதும் இதேதான். பொடி மேலே நிற்கிறது, வெந்நீர் அதன் சாரத்தைக் கரைத்துச் சுமந்து கீழே வருகிறது. “டிகாஷன் இறங்கிடுச்சா?” என்றுதான் கேட்கிறோம். அந்த ‘இறங்கு’தலோடு ‘கரை’தலைச் சேர்த்தால் கரைந்திறங்கல். “மருந்து கரைந்திறங்கியது”, “கரைந்திறங்காத மருந்து” என்று வினையாகவும் எச்சமாகவும் இது இயல்பாக வளைகிறது. கலைச்சொல்லுக்கு இந்த வளைவு அவசியம்.

எந்த மருந்து கரைந்திறங்கும்? இரண்டு குணங்கள் முடிவுசெய்கின்றன: மண்ணில் எவ்வளவு நாள் சிதையாமல் இருக்கிறது, மண்ணின் கரிமப்பொருளோடு எவ்வளவு இறுக ஒட்டுகிறது. முதலாவதை அளப்பது அரை ஆயுள், அதாவது மருந்தில் பாதி சிதைய ஆகும் காலம். இரண்டாவதை (ஆங்கிலத்தில் Koc) ஒட்டெண் என்போம், எண் கூடினால் பிடி இறுகும். இவற்றை இணைத்து 1989இல் குஸ்டாஃப்சன் என்பவர் தந்ததுதான் ‘கஸ்’ (GUS) குறியெண். அரை ஆயுளை நாள்களில் எடுத்து அதன் மடக்கையைக் காண்க (அடிமானம் 10). ஒட்டெண்ணின் மடக்கையை 4இலிருந்து கழிக்க. இரண்டையும் பெருக்கினால் குறியெண். 2.8க்கு மேல் வந்தால் கரைந்திறங்கும், 1.8க்குக் கீழ் வந்தால் இறங்காது. நடுவில் இருப்பது மண்ணையும் மழையையும் பொறுத்தது.

உழவர்கள் குருணை மருந்து என்று சொல்லும் கார்போஃபியூரானுக்கு அரை ஆயுள் 50 நாள், ஒட்டெண் 22 என்று கொண்டால் குறியெண் 4.5. குளோர்பைரிபாஸுக்கு 30 நாளும் 6070உம் கொண்டால் 0.3. கரிமம் 0.5 விழுக்காடு மட்டுமே உள்ள மணற்பாங்கான மண்ணில் கூட, நீர் 150 அடி இறங்கும் நேரத்தில் குளோர்பைரிபாஸ் ஏறத்தாழ ஓர் அடிதான் இறங்கும். கார்போஃபியூரானோ 100 அடி அளவுக்குப் பின்தொடரும். நச்சின் கடுமை வேறு, கரைந்திறங்கும் தன்மை வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை.

கரைந்திறங்கலின் ஆபத்தை உலகுக்குக் காட்டிய இடம் அமெரிக்காவின் லாங் ஐலண்ட். உருளைக்கிழங்கு வயல்கள், மணல் மண், அடியில் ஊரே குடிக்கும் நீர். ஆல்டிகார்ப் என்ற பூச்சிமருந்துக் குருணை அங்கே 1975 முதல் பயன்பட்டது. 1979இல் கிணறுகளில் தென்பட்டது. மேல்மண்ணில் சில வாரங்களில் சிதையும் மருந்து, நுண்ணுயிர் அருகிய ஆழத்தில், குளிர்ந்த, அமிலத் தன்மையுள்ள நீரில் பல ஆண்டு தங்கியது. மேல்மண்ணின் அரை ஆயுளை நிலத்தடிநீருக்கும் பொருத்தியது கணக்கைக் கவிழ்த்தது. கிணற்றில் கிடைத்தவையும் ஆல்டிகார்ப்பின் சிதைபொருள்களான சல்பாக்சைடும் சல்போனும்தான். தாய்ப்பொருளை மட்டும் தேடும் ஆய்வு “நீர் சுத்தம்” என்று பொய் சொல்லிவிடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் குறியெண்ணை இன்னும் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். மெல்லிய செம்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் கிணற்று நீரிலேயே விளைகின்றன. குடிநீருக்கும் பெரும்பாலும் கிணறுதான். பாறை வெடிப்புகளிலும் குகை வழிகளிலும் நீர் மண்ணோடு உறவாடாமலே பாய்ந்துவிடும், ஒட்டுவதற்கு நேரமில்லை. சுண்ணாம்பு நீரின் காரத்தன்மை, கார்போஃபியூரான், ஆல்டிகார்ப் போன்ற கார்பமேட் வகை மருந்துகளை விரைவாகச் சிதைக்கும் என்பது ஓர் ஆறுதல். ஆனால் கிணற்றை எட்டும் தூரம் குறைவு, சிதைய நேரம் போதாமல் போகலாம்.

கிணற்றைச் சோதிப்பவர் முதலில் வணிகப் பெயரை விட்டுவிட்டு, புட்டியில் அச்சிட்டுள்ள மூலப்பொருளின் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆழ்துளைக் கிணறானால் 10 முதல் 15 நிமிடம் மோட்டாரை ஓடவிட்டு, குழாயில் தேங்கிய நீர் போன பின் மாதிரி எடுக்கவும். பழுப்புக் கண்ணாடிப் புட்டி வேண்டும். பிளாஸ்டிக் புட்டியின் சுவரில் சில மருந்துகள் ஒட்டிக்கொள்ளும், அளவு குறைந்து காட்டும். ஐஸ் பெட்டியில் வைத்து உடனே ஆய்வகத்தில் சேர்க்கவும். மருந்து போட்ட பின் பெய்த பெருமழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு மாதிரியாவது இல்லாமல் முடிவு சொல்வது சரியல்ல.

முடிவை எந்த வரம்போடு ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில், ஐரோப்பிய ஒன்றியம் ஒரு மருந்துக்கு 0.1, எல்லாம் சேர்த்து 0.5 என்று வைத்திருக்கிறது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, குளோர்பைரிபாஸுக்கு 30, மோனோகுரோட்டோபாஸுக்கு 1 என்று மருந்துக்கு மருந்து தனியாக வைக்கிறது.

சொல் துல்லியமானால் நோயறிதலும் துல்லியமாகும். பாறை வெடிப்பில்லாத மண் வயல் கிணற்றில் குளோர்பைரிபாஸ் தென்பட்டால் ‘லீச்சிங்’ என்று எழுதி முடித்துவிடக் கூடாது. அது கரைந்திறங்கும் மருந்தே அல்ல. கிணற்று மேட்டில் மருந்து கலக்கினார்களா, தெளிப்பானை அங்கே கழுவினார்களா, கைப்பிடிச் சுவர் இல்லாமல் வயல்நீர் நேரே உள்ளே வழிகிறதா, வீட்டு அடித்தளத்துக் கறையானுக்கு ஊற்றினார்களா, ஆழ்துளைக் குழாயைச் சுற்றிய இடைவெளி அடைபடாமல் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை கசிவும் வழிவும். சுவர் எழுப்பி, இடைவெளிக்குச் சிமெண்ட் கலவை போட்டு, கலக்கும் இடத்தைத் தள்ளி வைத்தால் நிற்கும். கரைந்திறங்கலை அப்படி நிறுத்த முடியாது. மருந்தை மாற்ற வேண்டும், அல்லது பாசனத்தை வேர் ஆழத்தோடு நிறுத்த வேண்டும். அதுவரை குடிக்கும் நீரைக் கிளர்வூட்டிய கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) வடிகட்டி வழியாக விடலாம். கொதிக்க வைப்பதை நம்பக் கூடாது: ஆவியாகாமல் நிற்கும் மருந்து, நீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் கூடும்.