உறைந்த திரையும் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரமும்

பாலியெஸ்டர் துணிக்குச் சாயமேற்றும் சாயப்பட்டறைகளில் தண்ணீரை 130 டிகிரி வரை சூடேற்ற வேண்டியிருக்கிறது. அந்த வெப்பத்திலும் அது கொதிக்காமல் இருப்பதற்காக இயந்திரம் மூடிய அழுத்தக் கலனாக இயங்குகிறது. உள்ளே வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 1.7 பார் கூடுதல் அழுத்தம் இருக்கும். கலனுக்குள் நடப்பதை ஆபரேட்டர் கண்ணால் பார்க்க முடியாது. பேனல் திரையில் தெரியும் எண்ணை நம்பித்தான் அவர் ஒவ்வொரு முடிவையும் எடுக்கிறார். உள்ளே 130 டிகிரி இருக்கும்போது திரை 62 என்று காட்டி நின்றுவிட்டால், அவர் கை மூடியை நோக்கிப் போவதில் வியப்பில்லை. அணைந்துபோன திரையைப் பார்த்தவுடன் எவரும் மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். பழைய எண்ணைத் தெளிவாகக் காட்டிக்கொண்டிருக்கும் திரையை யாரும் சந்தேகிப்பதில்லை. இத்தகைய பேனல்களுக்கு மென்பொருள் எழுதுகிறவன் என்ற முறையில், மற்ற எல்லாக் கோளாறுகளையும்விட நான் அஞ்சுவது இதற்குத்தான்.

இது எப்படி நேர்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான இயந்திரங்களில் கட்டுப்பாட்டைச் செய்வது பிஎல்சி, அதாவது உணரிகளைப் படித்து வால்வுகளையும் மோட்டார்களையும் இயக்கும் தொழிற்சாலைக் கணினி. திரை தனிக் கணினி. அதற்குள் லினக்ஸோ, சிறு கருவிகளுக்கான விண்டோஸ் சிஇயோ இயக்குதளமாக ஓடும். இரண்டும் ஆர்எஸ்-485 வயர் வழியாகவோ ஈதர்நெட் வழியாகவோ, பெரும்பாலும் மோட்பஸ் முறையில் பேசிக்கொள்கின்றன. அந்த வயர் தளர்ந்தால் பிஎல்சி தன் வேலையைத் தொடரும். திரையின் நிரலும் தொடரும். நினைவகத்தில் கடைசியாக வந்து சேர்ந்த வெப்ப அளவு அப்படியே இருப்பதால், அதையே அது மீண்டும் மீண்டும் வரைந்துகொண்டிருக்கும். எந்த நிரலும் இங்கே பழுதாகவில்லை என்பதால், சாதாரணச் சோதனைகளில் இது பிடிபடுவதும் இல்லை.

ஆகவே, திரையில் காட்டும் ஒவ்வொரு மதிப்பும் தான் படிக்கப்பட்ட நேரத்தையும் தன்னுடன் சுமந்து வர வேண்டும். இரண்டு அல்லது மூன்று நொடிக்கு மேல் பழசானால் எண்ணை அழித்துவிட்டுக் கோடுகளைக் காட்ட வேண்டும். எண்ணை அப்படியே விட்டு மூலையில் சிறு குறியீடு ஒன்றைச் சேர்ப்பது போதாது. பிஎல்சி ஒவ்வொரு நொடியும் ஒரு கவுண்டரை ஒன்று கூட்ட, அது நகர்கிறதா என்று திரை கவனிப்பது இன்னும் நல்லது. ஏனெனில் தொடர்பு இருந்தும் பிஎல்சியின் நிரல் நின்றுபோன நிலை அப்போதுதான் தெரியவரும். மதிப்பு புதிதாக இருந்தாலும் பொய்யாக இருக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது. 32 பிட் தசம எண் மோட்பஸில் இரண்டு ரெஜிஸ்டர்களில், அதாவது இரண்டு 16 பிட் நினைவிடங்களில், அமர்கிறது. அவற்றைத் தனித்தனியாகக் கேட்டு வாங்கினால், ஒரு பாதி பழைய அளவிலிருந்தும் மறுபாதி புதிய அளவிலிருந்தும் வந்து, கலனில் ஒருபோதும் இருந்திராத வெப்பம் ஒன்று திரையில் தோன்றும். வெப்ப உணரியின் வயர் அறுந்தால் சில உள்ளீட்டு மாட்யூல்கள் 32767 என்ற எண்ணைத் தருகின்றன. அதைப் பத்தால் வகுத்து 3276.7 டிகிரி என்று காட்டுகிற பேனல்கள் உண்டு. உணரி அறுந்துவிட்டது என்று எழுதிக் காட்டுவதே அங்கே சரியான செயல்.

திரை ஒன்றைக் காட்ட இயந்திரம் வேறொன்றாக இருந்ததால் உயிர்கள் போன வரலாறு உண்டு. கனடாவில் தயாரிக்கப்பட்ட தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம் 1985க்கும் 1987க்கும் இடையே ஆறு நோயாளிகளுக்கு மிகையளவுக் கதிர்வீச்சைச் செலுத்தியது. அதை இயக்கியது பிடிபி-11 கணினியில் அதற்கென்றே எழுதப்பட்ட சிறு இயக்குதளம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1986இல் நடந்த நிகழ்வில், சிகிச்சை வகையைத் தவறாகத் தட்டிய ஆபரேட்டர் மேல் அம்புக்குறியால் அந்த வரிக்குத் திரும்பிச் சென்று உடனே திருத்தினார். கதிரை வளைக்கும் காந்தங்கள் அமைய எட்டு நொடி பிடிக்கும். அந்த எட்டு நொடிக்குள் திருத்தம் முடிந்துவிட்டதால் உள்ளேயிருந்த நிரல் அதைக் கவனிக்கவில்லை. திரையில் திருத்திய விவரம் இருந்தது. இயந்திரமோ பழைய அமைப்பின்படி நின்றது. பிறகு ‘மால்ஃபங்ஷன் 54’ என்ற வரி மட்டும் வந்தது. அது எதைக் குறிக்கிறது என்று ஆபரேட்டரின் கையேட்டில் விளக்கம் இல்லை. கொடுத்த அளவு குறைவு என்றே திரை காட்டியதால் அவர் தொடரும் விசையை அழுத்தினார். அப்படிப்பட்ட செய்திகள் அன்றாடம் வந்து பழகியிருந்த ஒருவரை இதற்குக் குறைசொல்ல முடியாது. அதற்கு முந்தைய தெராக்-20இலும் இதே மென்பொருள் பிழை இருந்தது. ஆனால் அதில் தனி மின்சுற்றுக் காப்புகள் இருந்ததால் ஃபியூஸ் போனதோடு முடிந்தது.

அதனால்தான் அவசர நிறுத்தத்தைத் தொடுதிரையில் ஒரு சிவப்புப் படமாக வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அது நேரடி வயரிங்குடன் கூடிய, அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் தனிப் பொத்தானாக இருக்க வேண்டும். சாயக் கலனின் மூடிப் பூட்டும் அவ்வாறே, திரையையோ பிஎல்சியையோ கேளாமல், உள்ளிருக்கும் அழுத்தத்தை உணரும் சுவிட்ச் ஒன்றின் சொல்லுக்கு மட்டுமே திறக்க வேண்டும்.

நிரல் தொங்கிவிட்டால் மீட்பதற்கு வாட்ச்டாக் என்னும் டைமர் பெரும்பாலான மின்சுற்றுப் பலகைகளில் உண்டு. குறித்த நேரத்துக்குள் அதற்குச் செய்தி அனுப்பாவிட்டால் அது கணினியை மறுதொடக்கம் செய்துவிடும். இந்தச் செய்தியை அனுப்பும் வேலையைத் தனி இழை (த்ரெட்) ஒன்றுக்கு, அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு பகுதிக்கு, கொடுத்துவிடுவதை நான் பல பேனல்களில் கண்டிருக்கிறேன். திரையை வரையும் இழை நின்றுபோனாலும் அந்தத் தனி இழை ‘எல்லாம் நலம்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். திரை புதிதாக வரையப்பட்டதா, பிஎல்சியிடமிருந்து பதில் வந்ததா, தொடுதல் நிகழ்வுகள் வாங்கப்படுகின்றனவா என்று உறுதி செய்த பிறகே அந்தச் செய்தி போக வேண்டும். தொடர்பு அறுந்திருப்பதைத் திரை கண்டுகொண்டு அறிவித்துக்கொண்டிருந்தால் அதுவும் நலமான நிலைதான். அதற்காக மறுதொடக்கம் தேவையில்லை.

மறுதொடக்கமான திரை முதலில் செய்ய வேண்டியது பிஎல்சியில் இருப்பதைப் படிப்பது. தன்னிடம் சேமித்து வைத்த செட்பாயிண்டுகளை, அதாவது எட்ட வேண்டிய வெப்பம் போன்ற இலக்கு அளவுகளை, எழுந்தவுடன் பிஎல்சிக்குள் எழுதிவிடும் திரை, நடந்துகொண்டிருக்கும் சாயமேற்றலின் நடுவே நேற்றைய ரெசிபியைப் புகுத்திவிடும்.

கரண்ட் போவதும் ஜெனரேட்டர் மாறுவதும் நம் ஆலைகளில் அன்றாட நிகழ்வுகள் என்பதால், பேனலை யாரும் முறைப்படி அணைக்கப்போவதில்லை என்று எண்ணியே வடிவமைக்க வேண்டும். இயக்குதளம் இருக்கும் பகுதியைப் படிக்க மட்டும் அனுமதியுள்ளதாக வைத்துவிட்டால் பாதித் தொல்லை ஒழியும். ரெசிபியைச் சேமிக்கும்போது பழைய கோப்பின் மேலேயே எழுதாமல், தற்காலிகக் கோப்பில் எழுதி, அது உண்மையில் சேமிப்பகத்தில் இறங்கியதை உறுதி செய்து, பிறகு பெயரை மாற்ற வேண்டும். ஒவ்வொரு நொடியும் பதிவு எழுதும் பேனலில் ஃபிளாஷ் சில்லு சில ஆண்டுகளிலேயே தேய்ந்துவிடவும் கூடும்.

கரண்ட் போகாமல் யுபிஎஸ்ஸில் ஓடும் பேனல்களுக்கு வேறொரு சோதனை காத்திருக்கிறது. மில்லி நொடிகளை 32 பிட்டில் எண்ணும் கடிகாரம் 49.7 நாளில் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பிவிடும். நேர வேறுபாட்டைச் சரியாகக் கணக்கிடாத நிரல் அன்று நின்றுபோகும். மேலே சொன்ன ‘பழைய மதிப்பா’ என்ற சோதனையே அதில் முதலில் பலியாகலாம். வாரக்கணக்கில் சோதிக்க நேரமில்லாதவர்கள், நிரம்புவதற்குச் சில நிமிடங்கள் முன்பாகக் கடிகாரம் தொடங்குமாறு அமைத்துச் சோதிக்கலாம்.

எச்சரிக்கைகள் பற்றி ஒன்று மட்டும். வேல்ஸில் உள்ள மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 1994 ஜூலையில் வெடிவிபத்து நிகழ்வதற்கு முந்தைய 11 நிமிடங்களில் ஆபரேட்டர்கள் முன் 275 அலாரங்கள் வந்து குவிந்தன. ஆபரேட்டர் செய்யக்கூடிய செயல் ஏதுமில்லாத ஒரு செய்தியை அலாரமாக வைக்கக்கூடாது.

தமிழில் திரை வேண்டும் என்று ஆலைகள் கேட்பது முற்றிலும் நியாயமானது. சிறு நுண்கட்டுப்படுத்திகளுக்கான வரைகலை நூலகங்கள் பலவும் எழுத்துகளை வந்த வரிசையிலேயே வரைந்துவிடுவதால், ‘வெப்பம்’ என்பதன் ஒற்றைக்கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஹார்ஃப்பஸ் போன்ற, எழுத்துகளைச் சரியாகக் கோத்துத் தரும் நூலகம் உள்ள அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இது தீரும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் அதே ஷிப்டில் நிற்பதால், மொழி மாற்றும் பொத்தான் எந்த மொழியும் படிக்காமலே கண்டுகொள்ளும் இடத்தில் இருக்க வேண்டும்.

விண்டோஸ் சிஇ வழிவந்த கடைசிப் பதிப்பான எம்பெடட் காம்பாக்ட் 2013க்கான ஆதரவு 2023 அக்டோபர் 10 அன்று முடிந்துவிட்டது. அதில் ஓடும் பேனல்கள் இன்றும் ஏராளம். அவற்றை உடனே தூக்கியெறியச் சொல்லவில்லை, ஆனால் ஆலையின் பொது நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வையுங்கள். புதிய இயந்திரம் வாங்குகிறவர்கள் பேனலின் பெயரோடு அதன் இயக்குதளத்துக்கு எந்த ஆண்டு வரை திருத்தங்கள் வரும் என்பதையும் ஆர்டரில் எழுதி வாங்க வேண்டும். பணத்தின் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், இயந்திரத்தைத் துணி ஏற்றாத வெற்று ஓட்டத்தில் வைத்து, பேனலுக்கும் பிஎல்சிக்கும் இடையிலான வயரைத் தயாரிப்பாளரின் முன்னிலையில் கழற்றுங்கள். மூன்று நொடியில் எண்கள் மறையாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.