அகத்துறிஞ்சல்: பொடுகு ஷாம்பூ உடம்புக்குள் போகிறதா?

பொடுகுக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் ஷாம்பூவைப் பற்றி அடிக்கடி எழும் சந்தேகம், “இது மண்டைத்தோல் வழியா ரத்தத்துல கலந்துடுமா?” என்பது. மருத்துவத்தில் இப்படிக் கலப்பதற்கு அப்சார்ப்ஷன் என்று பெயர். லத்தீனில் ‘சோர்பேரே’ என்றால் உறிஞ்சிக் குடிப்பது. அதனால் நம் ‘உறிஞ்சு’ இதற்கு அப்படியே பொருந்துகிறது.

தமிழ்நாட்டு உயிரியல் பாடநூல்களில் ‘உட்கிரகித்தல்’ என்று படித்திருப்போம். ‘கிரகித்தல்’ வடமொழி வழி வந்தது, பாடம் கிரகிப்பதற்கும் அதுதான். இலங்கைப் பாடநூல்கள் ‘அகத்துறிஞ்சல்’ என்கின்றன. என் ஓட்டு இதற்கே. காரணம், இதற்கு ‘புறத்துறிஞ்சல்’ என்று ஒரு ஜோடி இருக்கிறது. ஒரு பொருள் உள்ளே புகாமல் மேற்பரப்பில் மட்டும் ஒட்டிக்கொள்வதை அது குறிக்கும். ஆங்கிலத்தில் அட்சார்ப்ஷன். 1881-இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிக் கைசர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது. ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பதால் ஆங்கிலத்தில் படிப்பவர்களே குழம்புவார்கள். அகம், புறம் என்று பிரித்துப் பழகிய நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

சரி, ஷாம்பூவுக்கு வருவோம். உதாரணத்துக்கு, கீட்டோகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து 2% கலந்த ஷாம்பூவைப் பார்ப்போம். பொடுகோடு தொடர்புடைய மலசீசியா பூஞ்சை, மண்டைத்தோலின் மேலடுக்கிலும் மயிர்க்கால்களின் வாயிலும் எண்ணெய்ப்பசையைத் தின்று வாழ்கிறது. பூஞ்சையின் செல்சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டீரால் உருவாகாமல் இந்த மருந்து தடுக்கிறது. ஆக, மருந்துக்கு வேலை இருப்பதே மேலேதான். அது கெரட்டினில் (தோலின் மேலடுக்கிலும் முடியிலும் உள்ள புரதம்) பற்றிக்கொள்ள அவகாசம் வேண்டும் என்பதால்தான் 3 முதல் 5 நிமிடம் வைத்திருந்து அலசச் சொல்கிறார்கள். போட்ட கையோடு அலசினால் மருந்தும் நுரையோடு போய்விடும்.

உள்ளே போகிறதா? வாரத்துக்கு 4 முதல் 10 தடவை என்று 6 மாதம் தேய்த்துக் குளித்த 39 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் கீட்டோகோனசோல் தென்படவில்லை. இன்னொரு சோதனையில், ஒருமுறை குளித்து 12 மணி நேரம் கழித்து 6 பேரின் முடியைப் பார்த்தார்கள். முடியின் மேல் நிறைய மருந்து இருந்தது, கெரட்டினுக்குள் ஊடுருவியது சுமார் 5% மட்டுமே. தோலின் செத்த மேலடுக்கே ஒரு மதில். மூலக்கூறு எடை 500-ஐத் தாண்டினால் அதைக் கடப்பது கடினம் என்பது தோல் ஆராய்ச்சியாளர்களின் தோராயக் கணக்கு. கீட்டோகோனசோலின் எடை சுமார் 531.

ஆகவே இங்கே நடப்பதைப் ‘பற்றுதல்’ என்றும், கொஞ்சம் உள்ளே போவதை ‘ஊடுருவல்’ என்றும் சொல்லி, ‘தோல்வழி அகத்துறிஞ்சல்’ என்பதை ரத்தம்வரை சேர்வதற்கு வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் ‘உறிஞ்சுதல்’ என்று எழுதினால் வீண் பயம்தான் மிஞ்சும். அந்தப் பயத்துக்கு மூலம் மாத்திரை. விழுங்கும் கீட்டோகோனசோல் குடலில் நன்றாகவே அகத்துறிஞ்சப்படும். கல்லீரலைப் பாதிப்பதால், பூஞ்சைத் தொற்றுக்கு அதைத் தருவதை நிறுத்தச் சொல்லி ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் பரிந்துரைத்தது. ஷாம்பூவை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் சொறிந்து புண்ணான தலையில் அந்த மதிலே உடைந்திருக்கும், அப்போது டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம்.