ஆடிக் கூழும் ஐ.என்.ஆர். எண்ணும்

காட்பாடியில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு இதயத்தில் செயற்கை வால்வு. தினமும் ராத்திரி ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை, மாதம் ஒருமுறை ஐ.என்.ஆர். பரிசோதனை. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் எண் அது; இறங்கினால் ரத்தம் சீக்கிரம் உறையும், ஏறினால் ரத்தம் கசியும். எப்போதும் 3-ஐ ஒட்டியே நிற்கும் எண் போன ஆடியில் 1.6-க்கு இறங்கிவிட்டது. மாத்திரையை ஒருநாள்கூட விடவில்லை என்று சாமி மேல் சத்தியம் செய்தார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது: மூணு வாரமாக வீட்டில் தினம் கூழ், தொட்டுக்கொள்ள கிண்ணம் கிண்ணமாக முருங்கைக்கீரை.

ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை என்கிறோமே தவிர, ரத்தம் ஒன்றும் மோர் மாதிரி நீர்த்துப் போவதில்லை. ரத்தம் உறையத் தேவையான 2, 7, 9, 10 என்று எண்ணிட்ட காரணிகளை, அதாவது புரதங்களை, கல்லீரல் செய்கிறது. அந்த வேலைக்கு வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமினை ஒரு நொதி புதுப்பித்துத் திரும்பக் கொடுக்கும். வார்ஃபரின் முடக்குவது இந்த நொதியைத்தான். கீரையோ புது வைட்டமினைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டுகிறது, மாத்திரை தோற்றுவிடுகிறது. ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் காரணிகளில் 7-ஆம் காரணி சில மணி நேரத்தில் பாதியாகிவிடும், 2-ஆம் காரணி பாதியாக இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதனால் மாத்திரையின் அளவை இன்று மாற்றினால் முழுப் பலன் தெரிய நாள்கள் ஆகும்.

"அப்போ கீரையே கூடாதா?" என்று பெரியம்மா கேட்டார். அப்படியில்லை. ஒரேயடியாக நிறுத்தினால் எண் எதிர்ப்பக்கம் ஏறும். வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும், மாத்திரை அளவை அதற்கேற்ப டாக்டர் வைத்துவிடுவார். நம்மூர் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய்க்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. அதில் வைட்டமின் கே சொற்பம்.

கீரையைவிட எனக்குப் பயம் மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் மேல்தான். வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோலும், படர்தாமரைக்குத் தரும் ஃப்ளுகோனசோலும் வார்ஃபரினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுக்கின்றன. வார்ஃபரின் உடம்பில் சேர்ந்துகொண்டே போய், பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வரும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேரெதிர்: நொதியைப் பெருக்கி வார்ஃபரினை வேகமாகக் கழித்துவிடும். அந்த மருந்து முடிந்ததும் வார்ஃபரின் அளவைத் திரும்பக் குறைக்காவிட்டால் ஆபத்து.

டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இன்னும் தந்திரமானவை. ஐ.என்.ஆர். சரியாகவே இருக்கும். ஆனால் அவை வயிற்றின் உள்தோலைப் புண்ணாக்கும், ரத்தத் தட்டணுக்களையும் ஒன்றோடொன்று ஒட்டவிடாது. சீட்டில் எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருக்கும்போதே மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகும். அப்படிப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குழம்பில் போடும் மஞ்சளும் பூண்டும் பரவாயில்லை. அதையே செறிவாக்கிக் குப்பியில் அடைத்து விற்கிறார்களே, அந்த மாத்திரைகளை டாக்டரிடம் காட்டாமல் தொடக்கூடாது. 'மூலிகைதானே' என்பவர்களுக்கு ஒரு தகவல்: வார்ஃபரின் பிறந்ததே தீவனச் செடியிலிருந்துதான். 1920-களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த அந்தத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. அந்தப் பொருளைத் தேடிப்போன ஆராய்ச்சியின் வாரிசான வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகவும், 1954-இல் மனிதர்களுக்கான மருந்தாகவும் வந்தது.

பெரியம்மா இப்போது செவ்வாய், வெள்ளி மட்டும் கீரை வைக்கிறார். போன மாதம் 2.8. சீட்டை மடித்து அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறார்.