தர்பார்: சொல் வந்த வழியும் அதற்கு முன்பிருந்த தமிழும்

தர்பார் என்பது பாரசீகச் சொல். அம்மொழியில் ‘தர்’ என்பது வாயிலையும், ‘பார்’ என்பது உள்ளே சென்று காண்பதற்குக் கிடைக்கும் இசைவையும் குறிக்கும். மன்னனைக் காண வந்தவர்கள் காத்து நிற்கும் வாயிலை ஒட்டிப் பிறந்த இச்சொல், நாளடைவில் மன்னன் அமரும் மண்டபத்துக்கும், அங்கே அவனைச் சூழ்ந்திருப்போருக்கும், அவர்கள் கூடும் நிகழ்ச்சிக்கும் பொதுப்பெயராயிற்று. இன்றைய பேச்சுத் தமிழில் ஒருவர் தம் விருப்பப்படி அதிகாரம் செலுத்துவதையும் ‘தர்பார் நடத்துகிறார்’ என்கிறோம். கருநாடக இசையில் ஓர் இராகத்துக்கும் இதுவே பெயர்.

இச்சொல்லைப் பற்றி இப்போது எழுதக் காரணம், சோழர் கதையைச் சொல்லும் தொடர்களிலும், இங்கே கோலாலம்பூரில் மேடையேறும் வரலாற்று நாடகங்களிலும் ‘தர்பார் கூடட்டும்’ என்ற உரையாடல் தயக்கமின்றி இடம்பெறுவதுதான். கடாரம் என்பது கெடா என்றும், இராசேந்திர சோழனின் கப்பற்படை 1025ஆம் ஆண்டளவில் அதைத் தாக்கியது என்றும் பள்ளிப் பருவத்திலேயே கேட்டு வளரும் மலேசியத் தமிழருக்கு, அந்த மன்னனின் அவையில் என்ன தமிழ் ஒலித்தது என்பது தொலைவான கேள்வியாக இருக்க முடியாது. தர்பார் என்ற சொல் அங்கே ஒலித்திருக்க வழியில்லை. பாரசீகத்தை அரசவை மொழியாகக் கொண்ட டில்லி சுல்தானின் படை, மாலிக் காபூரின் தலைமையில் மதுரைக்கு வந்தது 1311இல். அதற்குள் சோழர் ஆட்சியே முடிந்துவிட்டது. ஆட்சித்துறைப் பாரசீகச் சொற்கள் தமிழில் ஆழமாகப் படிந்ததோ அதற்கும் நெடுங்காலம் கழித்து, ஆர்க்காட்டு நவாபுகளும் தஞ்சை மராத்தியரும் ஆண்ட காலத்தில். கஜானா, சிப்பாய், திவான் ஆகியவை இதே வழியில் வந்த சொற்கள்.

கஜானாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சோழர் கல்வெட்டுகளில் கருவூலத்துக்குப் பண்டாரம் என்ற பெயர் உண்டு. ‘பண்டாகாரம்’ என்னும் வடசொல்லின் வழிவந்த அதன் உடன்பிறப்பு மலாயில் ‘பெண்டஹாரா’ என நின்று மலாக்கா சுல்தானகத்தின் முதலமைச்சர் பதவியைக் குறித்தது. இன்றும் நம் நாட்டின் அரசாங்கக் கருவூலத்துக்குப் ‘பெர்பெண்டஹாரான்’ என்றே பெயர். அச்சொல்லை அன்றாடம் கேட்கும் ஊரில், சோழனின் செல்வத்தைக் கஜானா என்று எழுத வேண்டிய தேவையே இல்லை.

தர்பார் என்ற சொல்லும் மலாயாவுக்கு வந்திருக்கிறது. ஆனால் தமிழர் வழியாக வரவில்லை. இந்தியாவில் சிற்றரசர்களைக் கூட்டிப் பழகிய ஆங்கிலேயர், ஐக்கிய மலாய் மாநிலங்களின் ஆட்சியாளர்களையும் அவ்வாறே கூட்டி, 1897இல் கோலகங்சாரிலும் 1903இல் கோலாலம்பூரிலும் நடந்த அக்கூட்டங்களுக்குத் தர்பார் என்றே பெயரிட்டார்கள். இன்றைய ஆட்சியாளர்கள் மன்றத்தின் வரலாற்றைச் சொல்வோர் இவற்றிலிருந்து தொடங்குவது வழக்கம். அந்த நிகழ்ச்சியை நாடகமாக்கும் ஒருவர் தர்பார் என்று எழுதினால் அது முற்றிலும் சரி.

இனி, இதற்கு நிகரான தமிழுக்கு வருவோம். ‘அரசவை’ என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம்; பிழையும் இல்லை. ஆயினும் அது பாதி விடையே. அவை என்பது முதன்மையாக ஆட்களின் கூட்டம். திருக்குறளின் அமைச்சியலில் அவையறிதல், அவையஞ்சாமை என அடுத்தடுத்து வரும் இரண்டு அதிகாரங்களும், கேட்போர் எத்தகையோர் என்று அறிந்து பேசுவதையும் அவர்கள் முன் அஞ்சாமல் பேசுவதையும் பற்றியவை. மன்னன் அமரும் இடத்தைச் சொல்ல ‘அத்தாணி மண்டபம்’ என்ற பெயர் காப்பியங்களில் உண்டு. அத்தாணி வடமொழியின் ‘ஆஸ்தானம்’ என்பதோடு உறவுடையதாயினும், ஒலி திரிந்து பல நூற்றாண்டுகளாகத் தமிழில் வழங்கிவருவதால் சோழர் கதைக்கு அது அயலாகாது.

நிகழ்ச்சியைக் குறிக்கும் சொல் ஓலக்கம். மன்னன் எல்லோரும் காணும்படி அமர்ந்து, குறை கேட்டு, திறை பெற்று, பரிசில் வழங்கும் அந்த இருப்பே ஓலக்கம். நாள்தோறும் நிகழ்வது நாளோலக்கம். மதிப்போடு சொல்லும்போது திருவோலக்கம். கன்னடத்தில் இதன் உறவுச்சொல் ‘ஓலக’. யட்சகான ஆட்டத்தில் அரசன் பரிவாரத்தோடு அரங்கேறும் காட்சியை இன்றும் ‘ஒட்டோலக’ என்கிறார்கள். தமிழில் இச்சொல் அரண்மனைகளோடு மறைந்துவிடாமல், இறைவனின் திருவோலக்கமாகக் கோயில் வழக்கில் வாழ்கிறது. சோழர் நாடகத்தில் ‘தர்பார்’ வரும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு, என் கருத்தில், ஓலக்கமே பொருந்தும் சொல்.

கொலு என்ற சொல்லையும் இங்கே மறக்கக்கூடாது. நவராத்திரியில் படி கட்டிப் பொம்மை அடுக்குவதை மட்டுமே அது குறிப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அடிப்படையில் கொலு என்பது அரசர் வீற்றிருக்கும் அவை. தேவி அரசியாக வீற்றிருக்க, உயிர்களெல்லாம் அவள் முன் கூடியிருப்பதே வீட்டில் நாம் வைக்கும் கொலு. தெலுங்கின் ‘கொலுவு’ என்பதோடு தொடர்புடைய இச்சொல், தெலுங்கைப் போற்றிய மதுரை, தஞ்சை நாயக்கர்களின் அரண்மனைக் காட்சிகளுக்கு மிகவும் இயல்பாக அமையும். சோழனுக்கு ஓலக்கம், நாயக்கனுக்குக் கொலு, நவாபுக்கும் மராத்தியனுக்கும் தர்பார் என்று பிரித்துக் கையாண்டாலே, காட்சி எந்த நூற்றாண்டில் நடக்கிறது என்பது கேட்பவருக்குச் செவிவழியாகப் புரிந்துவிடும்.

இந்தக் குழப்பத்துக்குக் கட்டடங்களும் ஒரு காரணம். இங்கிருந்து தஞ்சைக்குப் பயணம் செல்வோர் பெரிய கோயிலைப் பார்த்த கையோடு அரண்மனைக்கும் செல்கிறார்கள். அங்கே தர்பார் மண்டபம் என்று காட்டப்படுவது மராத்தியர் பயன்படுத்தியது; அரண்மனையே நாயக்கர் காலத்தில் எழுந்தது. இராசராசனின் அரண்மனை தஞ்சையில் இன்று இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டில் அகழ்ந்தெடுத்த செங்கல் அடித்தளங்களே சோழ அரண்மனை என்று நம் கண்ணுக்கு எஞ்சியிருப்பவை. மராத்திய மண்டபத்தின் வண்ணத் தூண்களை மனத்தில் வைத்து அமைக்கப்படும் அரங்கத்துக்குள், அதன் பெயரும் தானாகவே நுழைந்துவிடுகிறது.

மன்னனின் ஆணை எல்லாம் அவையில்தான் பிறந்தது என்ற எண்ணத்தையும் கல்வெட்டு திருத்துகிறது. பெரிய கோயிலுக்குத் தானும் தன் தமக்கையும் தன் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டுக என்று இராசராசன் தன் 26ஆம் ஆட்சியாண்டில் பணித்தபோது, அரண்மனைக்குள் ‘கீழைத் திருமஞ்சனசாலை’யில் இருந்து தானம் செய்துகொண்டிருந்தான். அந்த வாசகத்தில் அரண்மனைக்குக் ‘கோயில்’ என்றே பெயர். ‘நாங் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்’ என்று மன்னன் பேசும் தமிழும் அதில் கேட்கிறது. இவ்வளவு நேரடியான, இவ்வளவு எளிய அரச மொழி கையில் இருக்கும்போது, உரையாடல் எழுதுவோர் அதை எடுத்துக்கொள்ளாதது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

மலாய் அரச மொழியை நாள்தோறும் கேட்கும் நமக்கு இந்த நுட்பம் புதிதன்று. மாமன்னர் பேசுவது ‘தித்தா’, அவர் புறப்படுவது ‘பெராங்காட்’, மறைவது ‘மங்காட்’. பொதுமக்களுக்குரிய வினைச்சொற்களை அவருக்கு இட்டு ஒரு நாடகம் எழுதினால் மலாய்ப் பார்வையாளர் ஏற்கமாட்டார்கள். தமிழிலும் மன்னன் அரியணையில் வீற்றிருந்தருளினான், ஆணையைத் திருவாய்மொழிந்தருளினான், அதை எழுதும் அலுவலர் திருமந்திர ஓலை, மறைந்த மன்னனைத் துஞ்சிய தேவர் என்றார்கள். சுந்தர சோழனைப் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ என்று கல்வெட்டு சொல்கிறது. எனவே ‘சக்கரவர்த்தி தர்பாருக்கு வந்துவிட்டார், கஜானா அதிகாரியை வரச் சொல்லுங்கள்’ என்று ஒரு சோழ நாடகத்தில் வரும் உரையாடலை, ‘உடையார் ஓலக்கத்தில் வீற்றிருந்தருளுகிறார், பண்டாரம் காப்போரை அழையுங்கள்’ என்று மாற்றினால், பொருள் அறியாத பார்வையாளர் ஒருவரும் இரார்.

மறுபக்கமும் சொல்லப்பட வேண்டும். தனித்தமிழ் ஆர்வத்தால், ஆர்க்காட்டு நவாபின் கதையிலும் தஞ்சை மராத்திய மன்னன் இரண்டாம் சரபோசியின் கதையிலும் தர்பாரை நீக்கி ஓலக்கம் என்று எழுதுவது அதே அளவு வரலாற்றுப் பிழை. அம்மன்னர்களின் மாளிகையில் வழங்கிய சொல் தர்பார்தான். அங்கே கதைசொல்லியின் விளக்கவுரையில் அரசவை என்றும், பாத்திரங்களின் வாயில் தர்பார் என்றும் வைத்துக்கொள்வதே தக்கது.